பாட்டு சொன்ன சாட்சியம்

(ஐதராபாத் கச்சிபௌலியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையால் சமூகத்தை மாற்ற முடியுமா என்பதை ஒட்டிப் பேசச் சொன்னார்கள். இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே விடையாகக் கொடுத்த ஒருவர் இதே ஊரில் இருந்தார். 2023 ஆகஸ்ட் 6 அன்று காலமானார். கும்மடி விட்டல் ராவ் என்ற பெயரைச் சொன்னால் உங்களில் சிலர் யோசிப்பீர்கள். கத்தர் என்றால் யோசிக்க மாட்டீர்கள். தோளில் கறுப்புக் கம்பளி, இடுப்பில் வேட்டி, திறந்த மார்பு, காலில் சலங்கை, கையில் கோல். அந்த உருவம் தெலுங்கு மண்ணின் சுவர்களில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது.

அவரைப் புரட்சிப் பாடகர் என்கிறோம். தூங்கிக் கிடந்த மக்களைத் தட்டி எழுப்பினார் என்கிறோம். எனக்கு அந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை. தெலங்கானாவின் உழைக்கும் மக்கள் எந்தக் காலத்திலும் தூங்கியதில்லை. அவர்களுக்கு நேர்ந்ததை அவர்கள் சொன்னபோது எழுதிக்கொள்ள ஆள் இல்லை. காவல் நிலையத்தில் எழுதவில்லை, பத்திரிகையில் எழுதவில்லை. அந்தச் சொல்லை வாங்கி, ஆயிரம் பேர் திரும்பச் சொல்லும்படி மெட்டில் ஏற்றி, இனி யாராலும் அழிக்க முடியாதபடி செய்தவர் கத்தர். அவருடைய பாட்டைச் சாட்சியமாகத்தான் நான் கேட்கிறேன். இன்று என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

மேதக் மாவட்டம் தூப்ரானில், ஒடுக்கப்பட்ட சாதியில், உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் 1940களின் இறுதியில் பிறந்தவர். தாய் லச்சுமம்மா. நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் பாடும் பெண்களிடம்தான் தன் பள்ளி தொடங்கியது என்பதை அவர் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். படிப்பில் கெட்டி. ஐதராபாத்தில் பொறியியல் சேர்ந்தார். 1969இல் தனித் தெலங்கானா கேட்டு மாணவர்கள் கிளர்ந்தபோது படிப்பு பின்னுக்குப் போயிற்று. நாம் கூடியிருக்கும் இந்தக் கச்சிபௌலிக்கும் அந்தக் கிளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. 1969இன் தெலங்கானாப் போராட்டத்தையும் அடுத்து வந்த ஆந்திரப் போராட்டத்தையும் தணிக்க 1973இல் ஆறு அம்சத் திட்டம் வந்தது. அதில் ஒரு அம்சமாகத்தான், இங்கே இருக்கும் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 1974இல் பிறந்தது.

வயிற்றுப்பாட்டுக்காக விட்டல் ராவ், தெலுங்குக் கதைப்பாட்டு வடிவமான புர்ரகதைக்கு ஒரு குழு வைத்திருந்தார். அரசுப் பிரசாரத்துக்கும் கதை சொன்னார். அப்போது ஐதராபாத்தில் கலை ஆர்வலர்களைக் கூட்டி வைத்திருந்த பி. நரசிங் ராவ், பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றவர், இந்த இளைஞரின் குரலைக் கேட்டு, நீயே எழுது என்றார். 1970களின் தொடக்கத்தில் எழுந்த முதல் பாட்டு, தெருவில் போகும் ரிக்‌ஷாக்காரரை நிறுத்திப் பேசும் பாட்டு. அந்தப் பாடல்களின் தொகுப்புக்கு, 1913இல் வட அமெரிக்காவில் பஞ்சாபியர் தொடங்கிய விடுதலை இயக்கமான கத்தர் கட்சியின் பெயரை வைத்தார்கள். புத்தகத்தின் பெயரையே மக்கள் பாடியவருக்குச் சூட்டிவிட்டார்கள். 1972இல் ஜன நாட்டிய மண்டலி என்ற கலைக்குழு உருவானது. 1975இல் கனரா வங்கியில் எழுத்தர் வேலை, 1984இல் ராஜினாமா. இந்த விவரங்களை வேகமாகக் கடந்துபோகிறேன். நிதானமாக நின்று பார்க்க வேண்டியது அவர் பாடிய விதம்.

புர்ரகதையில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் தம்புராவோடு கதை சொல்பவர். இரு பக்கமும் டக்கி என்னும் மண் முழவோடு இருவர். அந்த இருவரில் ஒருவர் நகைச்சுவைக்காரர். மற்றவர் அரசியல் பேசுபவர். கதை ராமாயணமாகவே இருந்தாலும், அரசியல்காரர் இடையில் புகுந்து நேற்று ஊரில் நடந்த பஞ்சாயத்தைக் கேள்வி கேட்கலாம். வடிவத்துக்குள்ளேயே கேள்விக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் கிராமத்துக் கலைஞர்கள். நம் வில்லுப்பாட்டில் புலவர் ஒரு சேதி சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டுக்கொண்டே திடீரென்று குறுக்குக் கேள்வி கேட்பாரே, அதே உறவுதான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடியது அதனால்தான் எடுபட்டது. 1940களில் பிரஜா நாட்டிய மண்டலி என்ற மக்கள் கலைக்குழு இந்தப் புர்ரகதையை எடுத்துக்கொண்டது. ஷேக் நாசர் அதை ஆந்திரம் முழுவதும் கொண்டுபோனார். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் சுத்தால ஹனுமந்து, பண்டி யாதகிரி போன்றவர்கள் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். யாதகிரியின் பாட்டைத்தான் 'மா பூமி' படத்தில் கத்தர் ஆடிப் பாடினார். நரசிங் ராவ் தயாரிக்க, கௌதம் கோஷ் இயக்கிய படம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிஜாமையும் ஜமீன்தார்களையும் எதிர்த்துப் பாடப்பட்டது, 1980இல் திரையரங்கில் புதுப்பாட்டு போல ஒலித்தது.

கத்தர் இந்த மரபில் வந்தவர். ஆனால் அவர் சேர்த்த ஒன்று பெரிது. ஒரு பாட்டை எடுப்பார். இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்துவார். பேசத் தொடங்குவார். எதிரே நிற்கும் கிழவியை 'அம்மா' என்று கூப்பிட்டு, உனக்கு எத்தனை பிள்ளை, நிலம் இருந்ததா, யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்பார். அவள் சொல்லும் சொல் அடுத்த அடிக்குள் வந்துவிடும். பின்னால் நிற்கும் குழு அதை வாங்கித் திரும்பச் சொல்லும். கூட்டம் மூன்றாவது முறை தானே சொல்லும். பெரும்பாலும் மெட்டும் அவர்களுடையதே. நாற்று நடவு மெட்டு, மூட்டை தூக்கும் மெட்டு, தாலாட்டு, பெண்கள் கைதட்டிச் சுற்றி வந்து ஆடும் மெட்டு. மெட்டு ஏற்கெனவே உடம்பில் இருப்பதால் பாட்டைக் கற்றுக்கொள்ள ஒரு நாள்கூட வேண்டாம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாட்டு அவர்களுடையதாகிவிடும். அச்சில் அவருடைய பாடல்களை வாசித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இலக்கிய நண்பர்கள் உண்டு. இடையில் வந்த பேச்சும் கிழவியின் பதிலும் அச்சில் இல்லையே! பாதியைத்தான் அவர்கள் வாசித்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். வரிகளைச் சொல்லவில்லை, பொருளைச் சொல்கிறேன். அமாவாசை நாளில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறக்கிறது. பெண் என்பதே பாரம், அதிலும் அமாவாசை. சுற்றி நிற்பவர்கள் அந்தக் குழந்தையை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். பாட்டு அந்தத் தாயோடு நிற்கிறது. மெட்டோ குதிபோடும் மெட்டு, கிராமத்துக் கொண்டாட்டத்தில் கேட்கும் மெட்டு. கொண்டாட்ட மெட்டில் இந்தச் சேதியைக் கேட்கும்போது, பிறப்பைக் கொண்டாடியிருக்க வேண்டிய வீடு இது என்ற நினைப்பு கேட்பவரின் தொண்டையை அடைத்துவிடும். பெண்சிசுக் கொலையால் செய்தியான உசிலம்பட்டியை அறிந்த நமக்கு, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்துக்காரர்களுக்கு, இந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இனி 1985. ஜூலை 17 அன்று பிரகாசம் மாவட்டம் காரம்சேட்டில் ஆறு தலித் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குடிநீர்க் குளத்தில் அழுக்கைக் கலக்காதே என்று தட்டிக் கேட்டதில் தொடங்கிய விவகாரம். அந்தக் கொலைகளைக் கண்டித்துக் கத்தர் பாடினார். காவல்துறை அவர் வீட்டைச் சோதனையிட்டது. அவர் தலைமறைவானார். ஐந்து ஆண்டுகள் காடுகளிலும் பிற மாநிலங்களிலும் இருந்தார். ஆள் இல்லாத அந்த ஆண்டுகளில் ஒலிநாடாக்கள் கைமாறின. 1990 பிப்ரவரியில், மர்ரி சென்னா ரெட்டி அரசு கெடுபிடியைத் தளர்த்தியபோது, கத்தர் வெளியே வந்தார். நிஜாம் கல்லூரி மைதானத்தில் நடந்த கூட்டத்துக்கு இரண்டு லட்சம் பேர் வந்தார்கள் என்று சொல்வார்கள். எந்தக் கட்சியும் லாரி அனுப்பாமல், நாளை காவல்துறை தேடி வரலாம் என்று தெரிந்தே, மனிதர்கள் ஒரு பாடகரைக் கேட்க வந்தார்கள்.

சாட்சியம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

ஆந்திரப் பிரதேசத்தில் 'என்கவுன்டர்' என்ற சொல் ஒரு வகை அரசாங்க நடைமுறையின் பெயராகவே ஆகிவிட்டிருந்த காலம். ஒரு பையன் காணாமல் போவான். சில நாள் கழித்து, காட்டில் மோதல், அடையாளம் தெரியாத தீவிரவாதி பலி என்று செய்தி வரும். உடலைத் தொலைவான ஊரின் பிணவறையில் வைத்து, அங்கேயே எரித்தும் விடுவார்கள். தாய்க்கு உடலும் இல்லை, பெயரும் இல்லை. 1990களின் பிற்பகுதியில், உடல்களை உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற இயக்கத்தில் கத்தர் முன்னால் நின்றார். பிணவறை வாசல்களுக்குப் போனார். பெற்றவர்களைக் கூட்டிப் போனார். உடலை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து, ஊரைக் கூட்டி, இவன் பெயர் இது, இவன் தாய் இவள், இந்த வயதில் இப்படி இருந்தான் என்று பாடினார்கள்.

நம் ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். இறந்தவரின் பெயர், செய்த நல்லது, யார் கைவிட்டார்கள், யாரால் இந்த நிலை, அத்தனையையும் அழுகைக்குள் வைத்து ஊர் நடுவே சொல்லிவிடுவாள் நம் கிராமத்துப் பெண். பங்காளியின் துரோகம் ஒப்பாரியில்தான் வெளிவரும். அப்போது அவளை யாரும் வாயை மூடச் சொல்ல முடியாது. கத்தர் அந்த உரிமையை வீட்டு வாசலிலிருந்து பொதுமைதானத்துக்குக் கொண்டுவந்தார். காவல் நிலையம் எழுத மறுத்த முதல் தகவல் அறிக்கையைப் பாட்டு எழுதியது. இறந்தவர் யார்? எங்கே, எப்போது பிடிக்கப்பட்டார்? உடல் எங்கே? கொன்றது யார்?

இதே கேள்விகளை இதே ஊரில் நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் கே.ஜி.கண்ணபிரான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஐதராபாத்தில் வழக்காடி, சிவில் உரிமை அமைப்புகளைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தி, 2010 டிசம்பர் 30 அன்று மறைந்தவர். நெருக்கடிநிலைக் காலத்தில் மேதக் மாவட்டம் கிராயிப்பள்ளியில் இளைஞர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை விசாரித்த பார்கவா ஆணையத்தின் முன் காவல் அதிகாரிகளைக் குறுக்கு விசாரணை செய்தவர் அவர். வழக்கறிஞரும் பாடகரும் ஒரே வேலையை இரண்டு மேடைகளில் செய்தார்கள் என்பேன். கண்ணபிரானைப் பற்றி ஐதராபாத் தமிழர்கள் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், காவல்துறை மோதல் சாவுகளுக்குப் 16 நெறிமுறைகளை வகுத்தது. வழக்குப் பதிவு செய்ய வேண்டும், தனி அமைப்பு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், இறந்தவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும். அந்தத் தீர்ப்பை வாசித்தபோது, பிணவறை வாசலில் நின்ற தாய்மார்கள் கேட்டவை சட்ட மொழியில் வரிசையாக வந்திருப்பதைப் பார்த்தேன். பாட்டால் தீர்ப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். வழக்கறிஞர்களும் குடும்பங்களும் பல்லாண்டு நடந்த நடை அது. ஆனால் அந்த நடைக்கு நடுவே கேள்வி மறந்துபோகாமல் இருந்தது பாட்டால்.

இதற்குக் கத்தர் கொடுத்த விலை என்ன? 1997 ஏப்ரல் 6. செகந்திராபாத் அருகே வெங்கடாபுரத்தில் அவருடைய வீட்டுக்கே வந்து அடையாளம் தெரியாதவர்கள் சுட்டார்கள். மருத்துவர்கள் குண்டுகளை எடுத்தார்கள். ஒன்றை மட்டும் எடுக்க முடியவில்லை, எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் குண்டோடு 26 ஆண்டுகள் ஆடினார், பாடினார். 1999இல் புவனகிரியில் பெல்லி லலிதா என்ற பாடகியைக் கொன்றார்கள். தனித் தெலங்கானாவுக்காகப் பாடிய இளம் பெண். உடலைத் துண்டு துண்டாக்கிக் கிணறுகளில் வீசினார்கள். பாட்டுக்கு என்ன சக்தி இருக்கிறது என்று சந்தேகப்படுபவர்கள், அதைக் கண்டு பயந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் போதும். சிலி நாட்டில் 1973 செப்டம்பரில் பாடகர் விக்டர் ஹாராவை அரங்கத்தில் அடைத்துக் கொன்ற முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேரின் தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதி செய்தது. அரை நூற்றாண்டு கழித்து என்றாலும் அங்கே தீர்ப்பு வந்தது. அதே மாதத்தில்தான் கத்தர் இறந்தார், தன்னைச் சுட்டவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடைக்காத நிலையில்.

ஒரு கேள்வி உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். எழ வேண்டும். கத்தர் நெடுங்காலம் ஆயுதப் பாதையை நம்பிய நக்சலைட் இயக்கத்தின் குரலாக இருந்தார். அவருடைய பாட்டைக் கேட்டுக் காட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு, திரும்பாத பிள்ளைகளும் உண்டு. மறுபக்கத்தில் கண்ணிவெடியில் இறந்த காவலர்களும் பெரும்பாலும் அதே கிராமங்களின் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தபோது, அந்தக் காவலர்களை நினைவூட்டி எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் வலி பொய்யில்லை. அந்தச் சாவுகளுக்குப் பாட்டு இருந்ததா என்று கேட்டால், போதுமான அளவு இல்லை என்பதே என் பதில். சாட்சியம் என்றால் எல்லா உடலுக்கும் சாட்சியம் வேண்டும்.

கத்தரும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 2004இல் அரசுக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்தபோது எழுத்தாளர்கள் வரவர ராவ், கல்யாண ராவ் ஆகியோருடன் தூதராகச் செயல்பட்டார். தனித் தெலங்கானா இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கினார். அம்பேத்கரையும் புத்தரையும் நெருங்கி வந்தார். 2018 டிசம்பரில், எழுபதை ஒட்டிய வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக வாக்களித்தார். இயக்கத் தோழர்கள் சிலர் இதைச் சறுக்கல் என்றார்கள். ஒரு மனிதர் தன் வாழ்நாள் நம்பிக்கையை எல்லோர் கண் முன்னாலும் மாற்றிக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகப் பாடியவர் கே.ஏ.குணசேகரன். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்து, சேரிப் பாட்டையும் பறையையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனவர். 'தன்னானே' குழு நடத்தியவர், 'பலியாடுகள்' நாடகம் எழுதியவர், 'வடு' என்று தன் வரலாற்றை எழுதியவர். 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். அதே 2016 ஜனவரி 17 அன்றுதான் இங்கே, இந்தப் பல்கலைக்கழக விடுதியில், ரோகித் வெமுலா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரையும் சேர்த்து விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் வளாகத்தின் கடைவீதி அருகே கூடாரம் போட்டு, அதற்கு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி என்ற பொருளில், 'வெலிவாடா' என்று பெயர் வைத்து, பனிக்காலத்தில் வெட்ட வெளியில் படுத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பாடகருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்த நண்பர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்த நாளை எண்ணிப் பார்க்கிறேன். மனிதர்கள் நாங்கள் என்று குணசேகரன் முப்பது ஆண்டுகளாகப் பாடியதை, ஒரு ஆய்வு மாணவர் தன் கடைசிக் கடிதத்தில் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலும் பாட்டைக் கண்டு அரசுக்குப் பயம் வந்ததுண்டு. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனை, டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக, 2015 அக்டோபர் இறுதியில் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். மதுக்கடைக்கு எதிராக ஒரு பறையும் ஒரு குரலும். அதற்குத் தேசத்துரோகம்!

இப்போது கத்தரின் பெயர் அரசின் பெயராகவும் ஆகியிருக்கிறது. நந்தி விருதுகள் இருந்த இடத்தில் தெலங்கானா அரசு கத்தர் திரைப்பட விருதுகளை அமைத்து, 2025 ஜூன் 14 அன்று, இங்கிருந்து தொலைவில் இல்லாத ஹைடெக்ஸ் வளாகத்தில் வழங்கியது. தன் திரைப்பாடலுக்கு வந்த நந்தி விருதை வேண்டாம் என்று சொன்னவர் அவர். பக்கத்தில் தெல்லாப்பூரில் அவருடைய சிலைக்கு இடம் ஒதுக்கினார்கள். ஒடுக்கப்பட்ட வீட்டில் பிறந்த ஒரு பாடகரின் பெயரை ஒரு மாநிலம் இப்படி ஏந்துவது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த விருது விழாவுக்கு இரண்டரை மாதம் முன்பு, 2025 மார்ச் இறுதியில், அதே அரசின் எந்திரங்கள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மரங்களைச் சாய்த்தன. மாணவர்கள் குறுக்கே நின்றார்கள், கைதானார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. காட்டைத் தாய் என்று பாடியவரின் பெயரை வைத்துக்கொண்டால், காட்டைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முடிக்கும் முன் இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஜன நாட்டிய மண்டலியில் பாடியவர்கள், டப்பு அடித்தவர்கள், பின்குரல் கொடுத்தவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, கத்தரின் பாட்டுகளை இடைப்பேச்சோடு சேர்த்து முழுமையாக ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டும் எந்த ஊரில், யாருடைய சாவுக்காக, எந்த மெட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். தெலுங்கு வரிகளைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமும் தமிழாக்கத்தை மறுபக்கமும் அச்சிடுங்கள். அதோடு நிற்காமல், நாம் வாழும் இந்த அடுக்குமாடிகளைக் கட்டத் தெலங்கானாவின் பாலமூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் இரவில் பாடுவதையும் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் உதவுவார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். செலவில் ஒரு பங்கை, இன்று எனக்குத் தரும் மதிப்பூதியத்திலிருந்தே தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் என்னைப் போல் ஒருவரைப் பேச வைக்காமல், அவர்களை வரவழைத்துப் பாட வையுங்கள்.

 வணக்கம்.